குரூப்பைப் பூட்டிய செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

கோவை கணபதியில் ஜாப் ஆர்டர் எடுத்துச் செய்யும் ஒரு சிறு சிஎன்சி (கணினி கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்) பட்டறையை நடத்துகிறேன். அப்பா காலத்திலிருந்து பட்டறைக்காரர்களான நம் சங்கத்தில் உறுப்பினர். போன மாதம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை.

உறுப்பினர் வாட்ஸ்அப் குரூப்பில் இனிமேல் அட்மின் மட்டும்தான் எழுதலாம் என்கிறீர்கள். மாதம் ஒரு மாலை நடந்த பயிற்சி வகுப்பை நிறுத்திவிட்டீர்கள். தொழில் தொடர்புத் தளமான லிங்க்ட்இன்னில் பக்கம் திறப்பது, கூகுளில் பட்டறையைப் பதிவது, வாட்ஸ்அப் பிசினஸில் கேட்டலாக் போடுவது எல்லாம் அந்த வகுப்பில்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இணையத்தில் இருந்த உறுப்பினர் பட்டியலைப் புதுப்பிக்க இந்த ஆண்டு பணம் ஒதுக்கவில்லை. ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் சந்தித்துப் பேச வைத்திருந்த மதிய நேரம் பாராட்டு நிகழ்ச்சிக்குப் போய்விட்டது. செலவைக் குறைக்க வேண்டும், செல்போனில் நேரம் போக்குவதைச் சங்கமே தூண்டிவிடக் கூடாது என்று இரண்டு காரணங்கள் சொல்லியிருக்கிறீர்கள்.

பார்ப்பதற்கு நான்கு சின்ன முடிவுகள். சேர்த்துப் பார்த்தால் ஒரே முடிவு. யாருக்கு ஏற்கெனவே ஆள் பழக்கம் இருக்கிறதோ அவர்களுக்கே ஆர்டர் வந்துகொண்டிருக்கட்டும், மற்றவர்கள் அவரவர் பாட்டைப் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் அப்படி எண்ணிச் செய்யவில்லை என்றே நம்புகிறேன். ஆனால் கீழே இருக்கிற எங்களுக்கு வந்து சேர்ந்தது அதுதான்.

உங்களிடமே கேட்கிறேன். உங்களில் யாருக்காவது முதல் ஆர்டர் விளம்பரத்தைப் பார்த்து வந்ததா? இந்த ஊரில் ஸ்டேன்ஸ் மில் 1888-ல் வந்தது. அதன் பின்னால் மில்கள் பெருகின. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது. மில் மெஷினுக்கு உதிரி பாகம் செய்யவும் கிணற்றுக்கு பம்ப் செய்யவும் பட்டறைகள் கிளம்பின. பெரிய கம்பெனியில் கைவேலை கற்றவர் வெளியே வந்து ஒரு பழைய லேத்தை வாங்கிப் போடுவார். அவருக்கு முதல் வேலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் அவருடைய பழைய முதலாளியாகவே இருப்பார். ஆவாரம்பாளையம், பீளமேடு, கணபதி, சின்னவேடம்பட்டி எல்லாம் இப்படி வளர்ந்தவைதான். என் அப்பாவுக்கும் முதல் வேலை வந்தது வார்ப்புக்கு மாதிரி அச்சு செய்யும் ஒரு பேட்டர்ன்காரர் டீக்கடையில் வைத்துச் சொன்ன ஒரு வார்த்தையால். ஆள் பழக்கத்தால் வளர்ந்த ஊர் இது. அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை.

அந்தப் பழக்கத்துக்குள் யாரெல்லாம் நுழைய முடிந்தது என்பதுதான் என் கேள்வி. டீக்கடை பெஞ்ச், கல்யாணப் பந்தி, சாயங்கால கிளப், சொந்தபந்தம் என்று ஆர்டர் பேசப்படும் இடங்கள் நமக்குத் தெரியும். சாதியும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய் நான் பட்டறையில் உட்கார்ந்தபோது பழைய கஸ்டமர்கள் சிலர் அவர் முகத்துக்காகக் கொஞ்ச நாள் வேலை கொடுத்தார்கள். அதில் ஒருவர் பட்டறைக்கே வந்து, "ஏனுங்க அம்மிணி, ஊட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லீங்ளா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அடுத்த மாதத்திலிருந்து அவர் டிராயிங், அதாவது வேலை, வரவில்லை.

எனக்காவது அப்பா பெயர் இருந்தது. தர்மபுரியிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ டிப்ளமோ முடித்து வந்து, பத்து வருடம் ஆபரேட்டராக இருந்து, கடன் வாங்கி ஒரு செகண்ட் ஹேண்ட் மெஷினைப் போட்டு வாடகை ஷெட்டில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு இந்த ஊரில் யாரைத் தெரியும்? நம் சங்கத்தில் அப்படிப்பட்டவர்கள் நிறைய பேர். கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுச் சாப்பிட்டுப் போகிறவர்கள். அவர்களுக்கு நம் குரூப்பும் அந்த வகுப்பும்தான் வாசல்.

நடந்ததைச் சொல்கிறேன். வகுப்பில் எங்களுக்குச் சொன்ன முதல் விஷயம், "எல்லா வகை சிஎன்சி வேலைகளும் செய்து தரப்படும்" என்று எழுதாதே என்பது. ஊரில் எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். எதைச் செய்யச் சிரமமோ, அதில் எது உனக்குக் கை வருமோ, அதைக் காட்டு என்றார்கள்.

எங்களுக்குக் கை வந்தது சுவர் மெலிந்த கன்மெட்டல் புஷ், அதாவது வெண்கல வகை உலோகத்தில் செய்யும் வளையம். தொழில் தெரிந்தவர்களுக்கு அதன் தொல்லை தெரியும். மூன்று ஜா சக்கில் (லேத்தில் பாகத்தைக் கவ்விப் பிடிக்கும் மூன்று தாடைப் பிடியில்) இறுக்கிப் பிடித்து உள்விட்டத்தைக் கடைந்தால், மெஷினில் இருக்கும் வரை அளவு சரியாகக் காட்டும். கழற்றினால் புஷ் தன் இயல்புக்குத் திரும்பும், ஓவாலிட்டி வந்துவிடும், அதாவது வட்டம் கெட்டுவிடும். சாஃப்ட் ஜாவை, அதாவது கடைந்துகொள்ளக்கூடிய மென்மையான தாடையை, அந்த வெளிவிட்டத்துக்கே கடைந்துகொண்டு, புஷ்ஷைச் சுற்றிலும் அணைத்தாற்போலப் பிடித்து, கடைசி கட்டுக்கு முன்னால் சக் பிரஷரைக் குறைத்து ஓட்ட வேண்டும். எங்கள் ஆபரேட்டர் இதைச் செய்வதையும், கழற்றியபின் உள்விட்டம் அளக்கும் போர் கேஜை விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதையும், முள் அசையாமல் நிற்பதையும் போனில் எடுத்து லிங்க்ட்இனில் போட்டேன். ஒரு நிமிடம்கூட வராத வீடியோ. லைக் போட்டவர்கள் பெரும்பாலும் என் காலேஜ் தோழிகள். உங்கள் பார்வையில் நான் அன்றைக்குச் செல்போனில் நேரம் போக்கினேன்.

சில வாரம் கழித்து மகாராஷ்டிராவில் ஒரு வால்வு கம்பெனியின் பர்ச்சேஸ் இன்ஜினியர் மெசேஜ் அனுப்பினார். ரேட் கேட்கவில்லை. கடைசி கட்டுக்குப் பிரஷர் எவ்வளவு வைத்தீர்கள் என்று கேட்டார். அவருக்கு வந்துகொண்டிருந்த புஷ்கள் ஓவல் அடித்து அசெம்பிளியில் திரும்பிக்கொண்டிருந்தனவாம். பதில் சொன்னேன். அப்புறம் டிராயிங் வந்தது, சாம்பிள் போனது, இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் போனது, டிரையல் லாட் போனது, வெண்டர் கோடு (சரக்கு தருபவர் பட்டியலில் எங்களுக்கான எண்) வந்தது. இன்றைக்கு எங்கள் வேலையில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுடையது. இந்தப் பேச்சு முழுவதிலும் நான் யார் வீட்டுப் பெண் என்று யாரும் கேட்கவில்லை.

இது என் ஒருத்திக்கு அடித்த யோகம் என்று நினைக்க வேண்டாம். வெளியூர் கம்பெனிகளில் வெண்டர் தேடும் வேலை இப்போது முப்பது வயதைத் தாண்டாத பிள்ளைகள் கையில் இருக்கிறது. அவர்கள் உங்கள் பெயரைக் கேள்விப்பட்டதும் உங்களுக்குப் போன் போடுவதில்லை. முதலில் போனை எடுத்துத் தேடுகிறார்கள். கூகுள் மேப்பில் பட்டறையின் போட்டோ இருக்கிறதா, மெஷின் எது, பெட் நீளம் என்ன, எந்த உலோகத்தில் வேலை செய்திருக்கிறார்கள், ஜிஎஸ்டி எண் உயிரோடு இருக்கிறதா, சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு உண்டா என்றெல்லாம் பார்க்கிறார்கள். எதுவும் கிடைக்கவில்லையென்றால் அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் நிராகரிக்கப்பட்டது உங்களுக்கே தெரியாது.

2003-ல் தொடங்கிய லிங்க்ட்இன்னில் இன்று இந்தியர்கள் மட்டும் 10 கோடிக்கு மேல். அமெரிக்காவுக்கு அடுத்தபடி நாம்தான். வாட்ஸ்அப் பிசினஸ் 2018-லேயே வந்துவிட்டது, காசு கிடையாது. ஐடி கம்பெனிக்காரர்களுக்கு மட்டும்தான் இதெல்லாம் என்று நம் சங்கத்தில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆர்டர் கிடைப்பதைவிட எனக்கு முக்கியமாகப் படும் ஒன்று உண்டு. பணம் வசூல்.

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சங்க மேடையிலேயே பலமுறை கேட்டிருக்கிறோம். குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவித்த வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகார் கொடுக்க 2017-ல் சமாதான் என்ற அரசு இணையதளம் வந்தது. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவைச் சேர்த்து, கெடு தாண்டி நிற்கும் பாக்கியைப் பணம் கொடுக்கும் வரை செலவாகக் காட்ட முடியாது என்று 2023-24 கணக்காண்டிலிருந்து ஆக்கினார்கள். இதற்கு மேல் சட்டம் என்ன செய்யும்?

ஆனாலும் நம் உறுப்பினர்களுக்கு 90 நாள், 120 நாள் என்றுதான் பணம் வருகிறது. யாரும் புகார் போடுவதில்லை. ஏன்? பட்டறையின் முக்கால்வாசி வேலை ஒரே கம்பெனியிலிருந்து வருகிறது. புகார் போட்டால் மறுநாள் டிராயிங் வராது. வேறு யாரையும் தெரியாது. தெரியாதவரை கம்பெனி வைத்ததுதான் ரேட், கொடுத்தபோதுதான் பணம். ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸ் வாசலில் செக்குக்காக நின்றுகொண்டிருந்த நம் உறுப்பினர் ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அறுபது வயதுக்காரர். உள்ளே போன பையன் "சார் மீட்டிங்ல இருக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனான். அவர் தலையை ஆட்டிவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி சுவரோரமாகப் போய் நின்றார்.

அந்த வால்வு கம்பெனி வந்தபின் நான் உள்ளூர்க் கஸ்டமர் ஒருவரிடம், பழைய பாக்கி முடிந்த பிறகுதான் அடுத்த லாட் ஏற்றுவேன் என்று சொன்னேன். சண்டை போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னேன். பணம் வந்தது. சட்டம் அதே சட்டம்தான். எனக்கு வேறு இடத்தில் ஆள் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தொடர்புகளைத் தொழில் கருவி என்று சொல்வதற்கு எனக்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை. 45 நாள் சட்டத்துக்காக நீங்கள் ஆண்டுதோறும் மனு கொடுக்கிறீர்கள், நல்லது. அந்தச் சட்டத்தை உறுப்பினர் பயன்படுத்தத் துணிச்சல் வர வேண்டுமானால் அவருக்கு இரண்டாவது, மூன்றாவது கஸ்டமர் வேண்டும். அதைத் தேடும் வழியைத்தான் நீங்கள் இப்போது அடைத்திருக்கிறீர்கள்.

இனி குரூப்புக்கு வருகிறேன். பூட்டுவதற்குச் சில மாதம் முன்னால் எங்கள் விஎம்சி (கணினி மில்லிங்) மெஷினில் டூலை இழுத்துப் பிடிக்கும் டிராபார் டிஸ்க் ஸ்பிரிங் உடைந்து டூல் பிடிக்கவில்லை. மறுநாள் மதியம் லாட் ஏற்ற வேண்டும். மெஷின் கம்பெனியில் சர்வீஸ் ஆள் வர நான்கு நாள் ஆகும் என்றார்கள். ராத்திரி குரூப்பில் மெஷின் மாடலைப் போட்டுக் கேட்டேன். குறிச்சி சிட்கோவில் ஒருவர் தன்னிடம் ஒரு செட் ஸ்பேர் இருப்பதாகச் சொன்னார். நான் அவரை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. சின்னவேடம்பட்டியிலிருந்து இன்னொருவர் அதை மாட்டத் தெரிந்த மெக்கானிக்கின் எண்ணைக் கொடுத்தார். காலையில் மெஷின் ஓடியது. ஸ்பேர் கொடுத்தவருக்கு இப்போது நாங்கள் கீவே (சாவிப் பள்ளம் வெட்டும்) வேலை செய்து தருகிறோம்.

பூட்டிய பிறகு நடந்ததையும் கேளுங்கள். எங்கள் பக்கத்து ஷெட்காரருக்கு ஒரு அவசரப் பின்னுக்கு 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள இஎன்8 பிரைட் பார் (ஒரு வகை எஃகுக் கம்பி) மூன்று அடி போதும். கடையில் முழு பார்தான் தருவேன் என்றார்கள். வாங்கினார், மீதி இன்னும் மூலையில் கிடக்கிறது. இரண்டு தெரு தள்ளி நம் உறுப்பினர் ஒருவரிடம் அதே பார் துண்டு துருப்பிடித்துக்கொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. குரூப்பில் அன்றைக்கு என்ன வந்தது தெரியுமா? செயற்குழு உறுப்பினர் ஒருவரின் பிறந்தநாள் வாழ்த்து. அட்மின்கள் எழுதலாம் அல்லவா.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் நான் பார்க்காமல் இல்லை. காலை வணக்கப் பூங்கொத்துகள், ராசிபலன், அரசியல் ஃபார்வர்டு என்று குரூப் நாறிக்கிடந்தது உண்மை. (சங்கக் கணக்கு பற்றிக் கேள்வி எழுந்த வாரத்தில்தான் பூட்டு விழுந்தது என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். அதற்குள் நான் போகவில்லை.) குப்பை சேர்ந்தால் கூட்டத்தான் வேண்டும், கதவைச் சாத்தி என்ன பயன்? வாட்ஸ்அப்பிலேயே 2022 முதல் கம்யூனிட்டி என்ற ஏற்பாடு இருக்கிறது. ஒரு குடையின் கீழ் வேலைக்கு ஒரு குரூப், மெட்டீரியலுக்கும் மெஷினுக்கும் ஒரு குரூப், வாழ்த்துகளுக்கு ஒரு குரூப் என்று பிரித்துவிடலாம். பூங்கொத்து அனுப்புகிறவருக்கும் ஓர் இடம் இருந்துவிட்டுப் போகட்டும்.

மோசடி பயமும் உண்மை. பெரிய கம்பெனியின் பெயரில் மெயில் அனுப்பி, வெண்டர் பதிவுக் கட்டணம் என்று பணம் கேட்கும் கூட்டம் இருக்கிறது. நம் உறுப்பினர் ஒருவர் கட்டியும் விட்டார். அந்த மெயிலை அவர் குரூப்பில் போட்டதால்தான் அதே மெயில் வந்திருந்த மற்றவர்கள் தப்பித்தார்கள். இனி வந்தால் யாரிடம் சொல்வது?

டிராயிங் வெளியே போய்விடும் என்று ஓர் அண்ணன் கூட்டத்தில் சொன்னார். மிகச் சரி. கஸ்டமரின் டிராயிங், பார்ட் நம்பர், லோகோ எதுவும் படத்தில் விழக் கூடாது. மேஜையில் விரித்துவைத்த டிராயிங்கின் டைட்டில் பிளாக் (கம்பெனி பெயர், பாக விவரம் எழுதிய கட்டம்) பின்னணியில் தெரிந்தாலும் வம்புதான். கஸ்டமர் அனுமதி இல்லாமல் அவர் பாகத்தையே காட்டக் கூடாது, அதே வேலையை ஒரு டம்மி பாகத்தில் செய்து காட்டு என்று எங்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் போட்ட வீடியோவில் இருந்ததும் அப்படிக் கடைந்த டம்மி புஷ்தான். வகுப்பை நிறுத்திவிட்டதால் யாரும் படம் போடாமல் இருக்கப் போவதில்லை, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போடுவார்கள்.

நேரம் வீணாகிறது என்பதிலும் பாதி உண்மை இருக்கிறது. கனெக்ஷன் ஏற்றுக்கொண்ட அடுத்த நிமிடமே "சார் ஆர்டர் இருந்தா சொல்லுங்க" என்று ஊருக்கெல்லாம் ஒரே மெசேஜை அனுப்புகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். கல்யாண வீட்டு வாசலில் நின்றுகொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விசிட்டிங் கார்டை நீட்டுவது போன்றது அது. கேட்பவருக்கு எரிச்சல், கேட்கிறவருக்கு ஏமாற்றம். முதலில் நமக்குத் தெரிந்ததைக் கொடுக்க வேண்டும், யாராவது கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், நமக்கு வராத வேலையை வேறொருவருக்குக் கைகாட்ட வேண்டும், விசாரணை வந்தால் முடியாது என்றாலும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும். லேத்தைப் போலவே இதற்கும் பழகிய கை வேண்டும், பழக்குவதற்குச் சங்கம் வேண்டும்.

கண்காட்சி போதாதா என்கிறீர்கள். கோவை கொடிசியா வளாகத்தில் நடக்கும் இன்டெக் தொழில் கண்காட்சியில் ஸ்டால் போடும் நிலையில் நம் உறுப்பினர்களில் பலர் இல்லை. சுற்றிப் பார்க்கப் போவோம், கார்டு வாங்கி வருவோம். ரப்பர் பேண்டு போட்ட கார்டுக் கட்டு எல்லோர் மேஜை டிராயரிலும் இருக்கும். அவர்களுக்கு அடுத்த வாரம் என்ன எழுதுவது, எப்படி விடாமல் தொடர்பில் இருப்பது என்பதுதான் வகுப்பின் அடுத்த பாடமாக இருந்தது. அதற்குள் சுற்றறிக்கை வந்துவிட்டது.

இன்னொன்றைச் சொன்னால் கோபிக்காதீர்கள். உங்களில் சிலர் வாரம் ஒரு காலை, விடிந்தும் விடியாமலும் கோட்டு மாட்டிக்கொண்டு பிஎன்ஐ கூட்டத்துக்குப் போகிறீர்கள். 1985-ல் அமெரிக்காவில் ஐவன் மிஸ்னர் தொடங்கிய அமைப்பு. ஒருவருக்கொருவர் ரெஃபரல் கொடுத்து ஆர்டர் பிடிக்கிறீர்கள். நன்றாக நடக்கிறது என்று நீங்களே என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. ஒரு குழுவில் ஒரு தொழிலுக்கு ஒருவர்தான் இருக்க முடியும், சிஎன்சி டர்னிங்குக்கு ஓர் ஆள் உட்கார்ந்துவிட்டால் அந்தக் குழுவில் இன்னொருவருக்கு இடமில்லை. உங்களுக்குத் தொடர்பு தொழிலுக்கு அவசியம், கட்டணம் கட்ட முடியாத உறுப்பினருக்கு மட்டும் அது பொழுதுபோக்கு என்றால் அது எந்த ஊர் நியாயம்?

நம் ஆட்களுக்கு முகம் தெரிந்து பழகினால்தான் நம்பிக்கை வரும், முகம் தெரியாத பழக்கம் ஒத்துவராது என்று மூத்தவர் ஒருவர் சொன்னார். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியல் அறிஞர், 1973-ல் வெளியிட்ட கட்டுரைக்காக பாஸ்டன் பக்கத்தில் வேலை மாறியவர்களை விசாரித்திருந்தார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அடிக்கடி சந்திக்கும் ஆள் மூலம் பெற்றவர் ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கெல்லாம் உதவியது எப்போதாவது பார்க்கும் ஆட்கள். காரணம் எளியது: தினம் பார்ப்பவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். 2022-ல் லிங்க்ட்இன்னில் சுமார் 2 கோடி பேரை வைத்துச் செய்த ஆய்வும் நெருங்கிய பழக்கத்தைவிட ஓரளவு தூரத்துப் பழக்கமே வேலை மாற அதிகம் உதவுகிறது என்றது. வேலை தேடுகிறவருக்குப் பொருந்துவது ஆர்டர் தேடுகிறவருக்கும் பொருந்தும் என்பது என் கணக்கு. ஸ்பேர் கொடுத்த குறிச்சிக்காரர் எனக்கு அப்படிப்பட்ட தூரத்துப் பழக்கம்தான்.

வெளிநாட்டு ஆய்வெல்லாம் வேண்டாம் என்றால் நம் கல்வெட்டைப் பாருங்கள். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு 1088-ல் சுமத்ராவின் பாருஸ் பக்கத்தில் தமிழில் கல்வெட்டு வைத்திருக்கிறது. அங்கே போய் இறங்கியவர்களுக்கு அந்த ஊரில் மாமன் மச்சான் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். குழுவின் பெயர் இருந்தது. சங்கம் என்பது அந்த வேலையைச் செய்யத்தானே?

2022 செப்டம்பரில் மின் கட்டணம் உயர்ந்து, நிலைக்கட்டணம் கழுத்தை நெரித்தபோது குறுந்தொழில்காரர்கள் சேர்ந்து போராடினோம். எந்தப் பட்டறைக்கு எவ்வளவு பில் வந்தது என்ற விவரத்தை இதே குரூப்பில்தான் திரட்டினோம். அன்றைக்கு யாரும் செல்போனில் நேரம் போக்காதீர்கள் என்று எங்களிடம் சொல்லவில்லை.

ஆகவே, என் கோரிக்கைகள்.

குரூப்பை இந்த மாதத்துக்குள் எல்லோருக்கும் திறந்துவிடுங்கள். மேலே சொன்னபடி பிரித்து, விதிமுறையை ஒரு பக்கத்தில் எழுதிப் போடுங்கள். விதி மீறுகிறவரை ஒரு வாரம் நிறுத்திவையுங்கள், அவர் செயற்குழு உறுப்பினராக இருந்தாலும் சரி. கவனித்துக்கொள்ளச் செயற்குழுவுக்கு வெளியே மூன்று பேர் வேண்டும். அதில் ஒருவர் பெண்ணாகவும் ஒருவர் தொழிலுக்குப் புதியவராகவும் இருக்க வேண்டும்.

மாத வகுப்பை மறுபடி தொடங்குங்கள். தமிழில் நடக்கட்டும். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்கும் வீட்டில் குழந்தை இருக்கிற பெண்களுக்கும் தோதாக ஞாயிறு காலையில் வையுங்கள். பேச்சாளருக்கு மாலை மரியாதை ஒன்றும் வேண்டாம். ஒவ்வொருவரும் தன் பட்டறையில் செய்த ஒரு பாகத்தைக் கொண்டுவரட்டும், அதைப் படம் எடுத்து, நான்கு வரி எழுதி, பதிவேற்றிவிட்டுப் போகட்டும். இதில் ஒரு பகுதியை நானே சொல்லித்தரத் தயார், சம்பளம் வேண்டாம்.

இணைய உறுப்பினர் பட்டியலைப் புதுப்பிக்கப் பணம் ஒதுக்குங்கள். உரிமையாளர் பெயரும் போன் நம்பரும் மட்டும் இருக்கும் பட்டியல் வேண்டாம். மெஷின், அதிகபட்ச விட்டம், நீளம், உலோகம், எவ்வளவு துல்லியம் (டாலரன்ஸ்) வரை முடியும், ஆய்வுக் கருவிகள் என்னென்ன என்று தேடினால் கிடைக்கிற பட்டியல் வேண்டும். பணம் இல்லையென்றால் ஆண்டு விழாவின் பொன்னாடை, நினைவுப் பரிசு, டைரி செலவைப் பொதுக்குழு முன் வையுங்கள், எதை வெட்டலாம் என்று உறுப்பினர்கள் சொல்வார்கள்.

ஆண்டுக் கூட்டத்தில் அந்த மதிய நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள். உறுப்பினர்கள் தங்கள் பாகங்களை மேஜையில் வைத்து உட்காரட்டும், உள்ளூர்க் கம்பெனிகளின் பர்ச்சேஸ் ஆட்களைச் சங்கத்தின் பெயரில் அழையுங்கள். மேஜை யாருக்கு எங்கே என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்யுங்கள், முன்வரிசை வழக்கம்போல முன்னாள் தலைவர்களுக்குப் போய்விட வேண்டாம்.

சந்தேகமான விசாரணை வந்தால் அனுப்பிச் சரிபார்த்துக்கொள்ள அலுவலகத்தில் ஒருவரை நியமியுங்கள். ஜிஎஸ்டி எண்ணையும் மெயில் முகவரியையும் பார்த்து, அந்தக் கம்பெனிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுச் சொன்னால் போதும்.

இந்த நான்கு முடிவுகளையும் எடுத்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை உறுப்பினர்களுக்கு அனுப்புங்கள். அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் இதைத் தனிப் பொருளாகச் சேர்த்து ஓட்டுக்கு விடுங்கள். பொதுக்குழு அறிவிப்பு வெளியாகும் முன் எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். குரூப் பூட்டியிருப்பதால் இந்த மடலை அங்கே போட முடியவில்லை. சங்க அலுவலகத்தில் ஒரு பிரதி கொடுத்து ஒப்புகை வாங்கியிருக்கிறேன்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர்,
கணபதி, கோவை